ஐந்து மில்லிமீட்டர் குறைவு

கஸ்தூரியார் வீதியில் பழைய கமெரா விற்கிற கடை.
இரண்டு லென்ஸை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார்
நிமலரூபன்.
நீளமானது முப்பத்தையாயிரம்.
குட்டையானது இருபத்தொன்பது.
என் கைப்பைக்குள் சீட்டுக் காசு,
முப்பத்தாறாயிரம், பஸ்ஸுக்கும் சேர்த்து.

"மிஸ், இது இருநூற்றைம்பது மட்டும் இழுக்கும்.
பண்ணைப் பாலத்தில நிண்டு பிடிச்சால்
நடுக்கடலில நிக்கிற கொக்கின்ர கண் தெரியும்."

நீளத்தை வாங்கி ரியூப் லைற்றுக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே, மூன்றாவது கண்ணாடியின் ஓரத்தில்
வெள்ளை இழைகள். கிளைவிட்டு,
கிளையிலும் கிளைவிட்டு.

பதினொரு வருசம்
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
நுணுக்குக்காட்டிக்குக் குனிந்து கழுத்து நொந்தவள் நான்.
நகத்துச் சுரண்டலில், காதுச் சீழில்
தினமும் சந்திக்கிற ஆள்தான்.

"அண்ணை, இது பூஞ்சணம்."
"தூசு, மிஸ்."
"தூசு கிளைவிடாது."
அவர் இரண்டாயிரம் குறைத்தார்.
அப்பவும் என் மனம் அதிலேயே நின்றது,
அதையும் சொல்லத்தான் வேணும்.

ஏனென்றால் முதல்நாள் இரவு கணக்குப் பார்த்திருந்தேன்.
ஒரு வருசத்தில் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் படம்.
அதில் ஆயிரத்துக்கு மேலே ஐம்பத்தைந்தில் எடுத்தவை.
கமெராவோடு வந்த லென்ஸின் வளையம்
அதற்கு மேல் திரும்பாது.
திரும்பியிருந்தால் திருப்பியிருப்பேன்.
"பிறகென்ன யோசனை, நீளத்தை வாங்கு"
என்று எழுதியிருந்தான் தம்பி குகதாசன், ரொறன்ரோவிலிருந்து.

கணக்குப் பிழையில்லை.
படங்களைத் திறந்தால்தான் வேறு கதை.
குருநகர் இறங்குதுறையில் வலை உதறுகிறவரின் முதுகு.
திருநெல்வேலிச் சந்தையில்
பூசணிக்காய் பிளக்கிறவளின் முதுகு.
ரியூசன் விட்டுச் சைக்கிளில் போகிற ஐந்து பிள்ளைகள்,
ஐந்து முதுகுப்பை.
ஒரு நாய் மட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

முதுகுகளை இன்னும் கிட்ட இழுக்கவோ
முப்பத்து மூவாயிரம்?

குட்டையைக் கையில் எடுத்தேன்.
ஐம்பது. அவ்வளவுதான்.
இழுக்காது, சுருங்காது, பிளாஸ்ரிக் உடம்பு,
ஒரு கறுத்தக்கொழும்பானில் பாதிப் பாரம் வராது.
ஆனால் வாயை அகலத் திறக்கும்,
எஃப் ஒண்டு தசம் எட்டு,
பழையதைவிட ஒன்பது மடங்கு வெளிச்சம் குடிக்கும்.
லைற்றுக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே ஒருவரும் குடியில்லை.

கடை வாசலில் நின்று தம்பிக்குப் படம் அனுப்பினேன்.
"அக்கா, உன்னட்டை ஏற்கெனவே ஐம்பத்தைந்து கிடக்கு.
ஐந்து மில்லிமீட்டர் குறைய வாங்கிறதுக்கு
இருபத்தொன்பதாயிரமோ?"
"ஓம்" என்று எழுதினேன்.

ஆறரை மணி, பஸ் நிலையம்.
கோண்டாவில் மினிபஸ்ஸின் மிதிபடியில்
உள்லைற் மஞ்சளில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார்
ஒரு கொண்டக்டர்.
கன்னத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்.
பழக்கப்படி றோட்டுக்கு மற்றப்பக்கம் நின்று பிடித்தேன்.
கட்டத்துக்குள் முழு பஸ்ஸும் வந்தது,
அவர் ஒரு புள்ளி.
விரல் வளையத்தைத் தேடிச் சுழற்றியது.
புள்ளி கிட்ட வரவில்லை,
கொஞ்சம் மங்கித் தெளிந்தது.

இதைக் காலால்தான் இழுக்க வேணும்.

ஒரு ஓட்டோவுக்கு விலகி, வடை வண்டியைத் தாண்டி
பதினாறு அடி.
எண்ணுகிற விரலில் அவர் எச்சில் தொடுகிறது தெரிகிற தூரம்.
அவர் நிமிர்ந்தார்.
கொக்குப் பார்க்க வந்தவள் மாதிரி நடிக்க
அங்கே இடமில்லை.

"அண்ணை, ஒரு படம் எடுக்கட்டோ?"
பதினொரு வருசம் எல்லாரிடமும்
"கையை நீட்டுங்கோ, ஊசி நோகாது" என்று சொன்ன குரல்,
இதற்குப் போய் நடுங்கிற்று.

"வேண்டாம்" என்றார்.
காசை மடித்தார். பிறகு தாடையைத் தடவி,
"நாளைக்கு வாங்கோ,
சவரம் எடுத்துப்போட்டு நிக்கிறன்."

பஸ் வெளிக்கிட்டது.
லென்ஸ் மூடியைப் போடும்போதுதான் நினைவு வந்தது,
நாளைக்கு எத்தனை மணி பஸ் என்று
கேட்கவில்லை.