எண்பது பக்கக் கொப்பி

பெற்றார் கூட்டம் என்று
மகளின் கையில் ஒரு துண்டு வந்தது.
போனால் அரைப்பேர் போகும்.
போனேன்.

மூன்றாம் வகுப்புக் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தோம்,
பதினேழு பெண்கள், நான்கு ஆண்கள்.
அறிக்கை வாசித்தார்கள்.
கையொப்பம் வாங்கினார்கள்.
அடுத்த சனி சிரமதானம்,
மண்வெட்டி கொண்டு வரவும் என்றார்கள்.
கிரீம் கிறேக்கர் இரண்டு, பிளேன்டீ ஒன்று.
நன்றியுரைக்கு ஒருவர் எழும்பியபோது
எனக்கு வாய் நிற்கவில்லை.

"ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு
யார் படிப்பிக்கிறது, சேர்?"

நன்றியுரைக்காரர் அப்படியே உட்கார்ந்தார்.
அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தலவாக்கலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்,
கூரை ஒழுகினால் தானே ஏறித் தார் பூசுகிறவர்.
"வெற்றிடம்" என்றார்.
"எழுதிக் கொடுத்திருக்கிறேன்."
எத்தனை நாளாக என்று கேட்டேன்.
அதற்கு அவரிடம் கணக்கில்லை.

நாங்கள் தராசடியில் நிற்கிறவர்கள்.
முள் எங்கே நிற்கிறது,
ஈரத்துக்கு எத்தனை கிலோ கழித்தான்,
சாக்குக்கு எத்தனை என்று
மழைக்குள்ளும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து
மனதில் போட்டுவைத்து
சம்பளத் துண்டு வரும் நாளில்
சண்டைக்குப் போகிறவர்கள்.
பிள்ளையின் ஒரு நாளில்
எவ்வளவு கழிகிறது என்று
இத்தனை வருசம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் பீலிக்கரையில் பேசினோம்.
பிலோமினா கடைக்குப் போய்க்
கொப்பி ஒன்று வாங்கிவந்தாள், எண்பது பக்கம்.
பிள்ளைகள் வந்து சொல்லச் சொல்ல
எழுதத் தெரிந்தவள் எழுதினாள்:
திங்கள், கணக்கு, ஆளில்லை.
செவ்வாய், கணக்கு, ஆளில்லை, சித்திரம் கீறினார்கள்.
புதன், விஞ்ஞான சேர் எட்டிப் பார்த்து
சத்தம் போடவேண்டாம் என்றுவிட்டுப் போனார்.
எழுதத் தெரியாதவள் கோடு போட்டாள்,
கொழுந்துக்குப் போடுகிற அதே கோடு.
பொய் எழுதக்கூடாது என்று
ரஞ்சிதமலர் சட்டம் வைத்தாள்.
அதனால் இதையும் எழுதினோம்:
வரலாற்று டீச்சர், கால் கட்டோடு வந்தார்.

ஐப்பசி மழையில் கொப்பி நனைந்து
ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் காய்ந்தது.
சில தாள்களில் இன்னும் கரி.

அறுபத்திமூன்று கோடு சேர்ந்ததும்
ஆறு பேர், ஆறு பேரை விட்டுவிட்டு,
நுவரெலியா பஸ் ஏறினோம்.
வலயக் காரியாலயத்தில்
இன்று பொதுமக்கள் தினம் இல்லை என்றார்கள்.
"எங்களுக்கு இன்றைக்குத்தான் லீவு சேர்"
என்றாள் ரஞ்சிதமலர்.
அந்தப் பொய்யைக் கொப்பியில் எழுதவில்லை.

உள்ளே இருந்த அம்மா
கோடுகளை விரல் வைத்து எண்ணினார்.
ஒரு தடவை.
பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை.
கரி பட்ட விரலைத் துடைக்காமல்
"இதில் எனக்கு ஒரு பிரதி வேண்டும்" என்றார்.

தையில் ஒருவர் வந்தார், கிளிநொச்சிப் பக்கம்.
வாரத்தில் மூன்று நாள்.
வகுப்பிலும் மப்ளர் கழற்றமாட்டார்.
தங்க இடமில்லை என்று
மூன்றாம் கிழமை பெட்டி கட்டினார்.
வீரபாகுவின் முன்னறையைச் சுண்ணாம்படித்து,
கட்டில் ஒன்றைத் தலையில் தூக்கிவந்து போட்டோம்.
இருக்கிறார்.

மகள் பத்துக்குப் போய்விட்டாள்.
அந்த அறுபத்திமூன்றும் திரும்பி வராது.
ராத்திரி லைட்டுக்கடியில்
பழைய புத்தகத்தையும் புதியதையும்
பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து
உதட்டைக் கடிக்கிறாள்.
எனக்கு விளங்குவதில்லை.
தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன்.

நேற்று மறுபடி ஒரு துண்டு வந்திருக்கிறது:
கூட்டம், சிரமதானம், மண்வெட்டி.
கொண்டு போவோம்.
பெண்பிள்ளைகளின் கக்கூசுக்குக் கதவில்லை.
மணியடிக்கும் வரை
தண்ணி குடிக்காமலே இருக்கிறதுகள்.
கொப்பியில் இன்னும்
இருபத்தெட்டுப் பக்கம் கிடக்கிறது.