பதினேழு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
கறுப்பு வெல்வெட்டில் மூன்று கல் விரித்தார் விக்னராஜா.
எங்களிடம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
சீட்டு எடுத்ததில் எழுபது என்னுடையது,
மீதி புவனேந்திரன் பால் வேனில் இரவு ஓட்டம் போய்ச் சேர்த்தது.
தங்கத்துக்கு என் பழைய தோடு, ஒற்றை.
மற்றது ஒன்பதாம் நம்பர் மலையில் எந்தச் செடிக்கடியிலோ.

முதல் கல் பெரிது. இருபத்தைந்து சென்ட்.
"பாக்குறவன் கண்ணுல படணும்" என்றான் இவன்.
பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தேன்.
சிங்கமலைக்கு மேல் ஜூன் மாதம் நிற்குமே,
அப்படி ஒரு மூட்டம் உள்ளே.
"வெறுங்கண்ணுக்குத் தெரியாதும்மா."
மூட்டம் தெரியாதுதான்.
உள்ளே போன வெளிச்சம் திரும்பி வரவில்லை,
அது தெரிந்தது.

இரண்டாவது சுத்தம். எள்ளுக்குக் கொஞ்சம் மேலே.
விலை ஏறக்குறைய அதேதான்.
மாசே இல்லை என்று அச்சடித்த தாளும் உண்டு.
தாளை விரலில் போட முடியாது.
"இதத் தேடுறதுக்கு அந்தக் கண்ணாடியையும் சேத்துத் தருவீங்களா?"
இவன் கேட்டதற்கு விக்னராஜா சிரிக்கவில்லை.

மூன்றாவது பதினெட்டு சென்ட்.
ஓரத்தில் மயிர் விழுந்த மாதிரி ஒரு கீற்று.
"கல்லக் கவ்வுற நகத்த அதுக்கு மேல வெச்சிட்டா முடிஞ்சுது."
கடை விளக்குக்கு அடியில் எல்லாக் கல்லும் கல்யாணப் பொண்ணுதான்.
வாசலில் பார்க்கலாமா என்றேன்.
கடைப்பையன் பின்னாலேயே வந்து நின்றான்.
வெளியே மழை,
அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் பகல்.
அதிலும் மின்னியது.
இந்த ஊர் ஜூலையில் மின்னுகிற கல் எங்கேயும் மின்னும்.
லேசாக மஞ்சள் இருந்தது.
தங்கத்துக்குள் உட்கார்ந்தபின் பழியைத் தங்கத்தின் மேல் போடலாம்.

ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் என்றார்.
வெல்வெட்டை மடிக்கப் போனவர்
என் முகத்தைப் பார்த்து இன்னொரு பொட்டலம் பிரித்தார்.
"இதே தரம். பதினேழு சென்ட். தொண்ணூத்தி எட்டுக்குத் தரலாம்."
இரண்டையும் பக்கத்தில் வைத்தால்
எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.
அவரும் தராசில் போட்டுத்தான் பிரித்தார்.
"ஒரு சென்ட்டுக்கு முப்பதாயிரமா?"
"பதினெட்டத் தொட்டாத்தாம்மா ரேட் மாறும்.
அதுக்குக் கீழ வேற கணக்கு."

சிரிப்பு வந்துவிட்டது.
அந்தக் கணக்கா எனக்குத் தெரியாது?
தையல் மெஷினுக்கு வருமுன்
ஆறு வருஷம் கொழுந்து மடுவத்தில் வரிசையில் நின்றவள்.
பதினெட்டுக் கிலோ, பேர்.
பதினேழு, அரைப் பேர்.
ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுக்
கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கும்போது
அந்த ஒரு கிலோவை எங்கே விட்டேன் என்று
கறை பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன்.
அதே ஒன்று
இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள், மூச்சுக்காற்று படாத தராசில்,
என் பக்கம் நின்றது.

"கொறஞ்சதுக்கு ஏன் சிரிக்கிற?"
இவன் பாலை லீட்டரில் அளப்பவன்.
வீட்டில் சொல்கிறேன் என்றேன்.

பில்லில் எடைக் கட்டத்தில்
பூச்சியம் தசம் ஒன்று ஏழு.
"உள்பக்கம் பேர் வெட்டணுமா? எழுத்துக்கு முந்நூறு.
மாப்பிள்ளை பேருதானே?"
"என் பேர்."
இவன் வாயைத் திறந்து, மூடினான்.
"சந்திரவதனியா... நீளமா இருக்கே.
பாதி போட்டாலும் அழகாத்தான் இருக்கும்."

"முழுப் பேர் போடுங்க."
குரல் கொஞ்சம் கூடிவிட்டது.
கடைப்பையன் திரும்பிப் பார்த்தான்.

ஏழு எழுத்து. இரண்டாயிரத்து நூறு.
குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.