ஆகஸ்ட் மாதத்து எண்

ஒரு நாள் முட்டைக் கணக்கு ஆறு இலக்கம்.
ஆகஸ்டுக்கு முப்பத்தொரு நாள்.
எருமப்பட்டிப் பண்ணையின் பேரேட்டிலிருந்து
இடைவெளி விடாமல் ஒட்டி எழுதினேன்.
கடைசி ஏழு மட்டும் நானாகச் சேர்த்தது,
இரண்டும் ஐந்தும் கிட்டே வராமலிருக்க.

நூற்று எண்பத்தேழு இலக்கம்.

மார்ச்சையும் மேயையும் இப்படித்தான் கோத்துப் பார்த்தேன்.
மே, மூன்றில் விட்டது, அப்புறம் பதின்மூன்றில்,
அப்புறம் காய்ந்த மக்காச்சோளம் மாதிரி உதிர்ந்து
விடிவதற்குள் முடிந்துபோனது.
ஆகஸ்ட் அசையவில்லை.
இலக்கங்களைக் கூட்டினால் அறுநூற்று இருபத்தொன்பது,
மூன்று திரும்பிப் போயிற்று.
ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால்
பதினொன்றும் இல்லை.
கோடி வரைக்குமான பகா எண்களை
ஆபீஸ் கம்ப்யூட்டர் வரிசையில் நிறுத்தி அனுப்பியது.
எதற்கும் கதவு திறக்கவில்லை.

ஒரு சோதனை உண்டு.
எண்ணில் ஒன்று குறைத்து, அத்தனை இரண்டுகளைப் பெருக்கி,
அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும்.
பகா எண்ணென்றால் மீதி ஒன்று.

ஒன்று வரவில்லை.
கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை
அதைத் தெரிந்துகொள்ள.

ஆக, உள்ளே ஆள் இருக்கிறது. பேர் தெரியாது.
தரம் பிரிக்கும் அறையில் திலேஸ்வர்
முட்டையை விளக்கின்மேல் பிடித்துச் சொல்வான்,
உடைக்காமலே: டபுள்.
கருவின் நிறம் கேட்டால் சிரிப்பான்.

பகு எண். பெயரே ஓர் ஏவல்.
பகு, என்கிறது.
எப்படி என்பதில்லை.

தீவனக் கிடங்கின் வெள்ளைச் சுவரில்
கரித்துண்டால் எழுதிவைத்தேன்,
வரிக்குப் பதினொன்றாய்ப் பதினேழு வரி.
திலேஸ்வர் ஒடியாவில் வாசிக்க, நான் தமிழில் சரிபார்த்தேன்.
ஒரே ஓர் இடத்தில் ஆறு ஒன்பதாகியிருந்தது.
நீளத்தைப் பகுத்துவிட்டேன்.
எண்ணைத்தான் முடியவில்லை.

லாரி சென்னியப்பன் கயிறு இறுக்கிக்கொண்டே கேட்டார்:
"ஏனுங்க, இது யாரு நெம்பருங்க?"
ஆகஸ்டோடது என்றேன்.
"கூப்புட்டா எடுக்குதுங்களா?"

எடுக்கவில்லை. செப்டம்பரில், ஐப்பசி மழையில்,
கரண்டு போய் வந்து, போய் வந்து,
ஒரு தரம் எலி வயரைக் கடித்து,
தை முடிய வளைவரை மேல் வளைவரையாக
நாலாயிரத்துச் சொச்சம்.
வலை வீசுகிற மாதிரிதான். இது கிணறா கடலா என்று
வலைக்குத் தெரியாது.
ராணிக்கெட் நோய்க்கு ஊசி போட்ட வாரம்
நான் பார்க்கவே இல்லை.
பார்த்தபோது திரை ஓரத்தில்
மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது ஒரு காரணி.

நாற்பத்து மூன்று இலக்கம்.
அது பகா எண்.
சுவரில் எழுதப் போனால், நாற்பத்து மூன்றும் பகா எண்;
சமமான வரிகளாக மடிக்க முடியாது.
கதவிலிருந்து ஜன்னல் வரை ஒரே வரியாக ஓடிற்று,
குருணை மூட்டைகளை நகர்த்த வேண்டியிருந்தது.

மிச்சம் நூற்று நாற்பத்து நான்கு இலக்கம்.
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு,
வாசலில் மாக்கோலம் போட்ட மாதிரி சதுரமாய் உட்கார்ந்தது.
அழகைப் பார்த்து ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.
பிறகு அதே சோதனை. இரண்டைப் பெருக்கி, வகுத்து.

ஒன்று வரவில்லை.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் சென்னியப்பன்.
கால்வாசி, என்றேன்.
அவர் தலையாட்டினார். கேரளாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு
கால்வாசி என்றால் எது என்று தெரியும்.

இன்றைய முட்டை
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று.
அட்டைக்கு முப்பது.
மீதி ஒன்று.
அதை ரப்பர் ஸ்டாம்புக்கு முட்டுக் கொடுத்து
உருளாமல் மேசையில் வைத்துவிட்டு
மறுபடி ஓட விட்டேன்,
முதல் வளைவரையிலிருந்து.