கைக்குக் கீழே

ஏப்ரல் வந்தால் எங்கள் தீவில்
சுத்தியல் அடிப்பதில்லை.
துவைத்த துணியை வெளியே உலர்த்துவதில்லை.
நாய்களைப் படகேற்றி அக்கரைக்கு அனுப்பிவிடுவோம்.
சண்டைகூடத் தாழ்ந்த குரலில்தான்.

ஈடர் வாத்துகள் வரும் காலம்.
நார்வேக் கடலில் தன் பாட்டுக்குத் திரிகிற காட்டுப் பறவை;
யாரும் பிடித்து வருவதில்லை, இரை போடுவதில்லை.
கல்லடுக்கி, பலகை சாய்த்து,
கவிழ்த்த தோணிக்கு அடியில்
காயவைத்த கடற்பாசியைப் பரப்பி
வீடு கட்டி வைப்போம்.
வந்தால் வரும்.

அந்த வருடம் நாற்பத்தொரு வீடு கட்டினேன், தனியாக.
முந்தைய அக்டோபரில்
ஓய்விண்டின் படகு கிடைத்தது.
ஓய்விண்ட் கிடைக்கவில்லை.

போதகர் ஹால்வர் நல்ல மனிதர்.
மீன் சூப்போடு வந்தார்,
கர்த்தருடைய சித்தம் என்று தொடங்கி
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
அதன் பிறகு ஞாயிறுதோறும் கதவோரம் உட்கார்ந்தேன்,
ஆசீர்வாதத்துக்கு முன்பே நழுவ வசதியாக.
சூப் நன்றாக இருந்தது.
அதைக்கூட அவரிடம் சொல்லவில்லை.

வந்தவை பதினேழு.
தோணி வீட்டில் ஒன்று, இடக்கண்ணோரம் வெள்ளைப் புள்ளியோடு.
தன் மார்புத் தூவியைத் தானே பிடுங்கி
முட்டைகளைச் சுற்றி அடைத்தது.
போதகர் இதை வைத்து ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார்,
தன்னையே பிய்த்துக் கொடுக்கிற அன்பு என்று.
எனக்கு அது ஏறவில்லை.
தூவி திரும்ப முளைக்கும், பார்த்திருக்கிறேன்.

மே மாதக் கடைசியில் காற்று வடக்கே திரும்பி
பனியும் மழையுமாய்க் கொட்டியது.
இரவு இரண்டு மணி; எங்களுக்கு அது இரவில்லை,
கழுவாத தட்டின் நிறத்தில் ஒரு வெளிச்சம்.
தோணியின் பின்பலகை பெயர்ந்து
கூட்டுக்குள் தண்ணீர்.

அதே பழைய கம்பளிச் சட்டையைப் போட்டேன்
(புதுச் சட்டைக்காரியைப் பறவை நம்பாது).
வயிற்றால் ஊர்ந்து போனேன்.
ஈரப் பாசியை உருவிவிட்டுக் காய்ந்ததைத் திணிக்கவேண்டும்.
கையை அதன் அடியில் நுழைத்தேன்.

சிறகு இருக்கிறது.
கடல் பத்தடி தூரம்.
என் உள்ளங்கைமேல் அதன் இதயம்
தையல் இயந்திரம்போல் ஓடிற்று.
கண் நிறையப் பயம்.
எழுந்து போகவில்லை.

பலகை ஏன் பெயர்ந்தது என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
வந்த கை உதவ வந்த கை என்று
அதற்கு எப்படித் தெரியும்?
என் விரல்கள் பனிக்கட்டி.
அந்தக் குளிரில் எந்தக் கை வந்தாலும்
சில்லென்றுதான் இருந்திருக்கும்.

விசுவாசம் என்றால் பயம் இல்லாதிருப்பது,
அது முன்வரிசைப் பெண்களுக்கு வாய்த்தது,
என்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

கர்த்தாவே, என்றேன், சேற்றில் கிடந்தபடி.
ஏழு மாதத்தில் முதல் தடவை.
கெஞ்சவா திட்டவா கூப்பிட்டேன் என்று
எனக்கே விளங்கவில்லை.
மேற்கொண்டு வார்த்தை வரவில்லை.
பாசியைத் திணித்து முடித்தேன்.
பலகையைக் கல்லால் முட்டுக்கொடுத்தேன்.

ஐந்து முட்டை. நான்கு குஞ்சு.
கரைக்கு நடக்கையில் ஒன்றைக் கடற்காகம் கொண்டுபோயிற்று.
இதை மறைத்தால் நான் சொன்னதெல்லாம் பொய்.
மூன்று, தாயின் பின்னால், அலைமேல் ஏறி இறங்கி,
கண்ணுக்கெட்டும்வரை மூன்று.

மிச்சத் தூவியைப் பையில் அள்ளினேன்.
கையில் எடை தெரியவில்லை, சூடு தெரிந்தது.

இன்னும் கதவோர இருக்கைதான் எனக்கு.
கடலைப் பற்றிப் பாடும்போது வாய் திறப்பதில்லை.
ஆனால் ஆசீர்வாதம் முடியும்வரை இருக்கிறேன்.
ஹால்வர் கையை உயர்த்துகிறார்.
நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.
அடித்துக்கொள்ளட்டும்.