காலி எடை

பேட்டையில், தென்காசி ரோட்டோரம்
எடை மேடை. கண்ணாடி அறைக்குள் நான்.
காலையில் ஜல்லி வரும், மதியம் நெல்,
இருட்டுகிற நேரம் களக்காட்டு வாழைத்தார்.
லாரி ஏறும், எண் எரியும், சீட்டுக் கிழிப்பேன்.
மொத்த எடை. காலி எடை. சரக்கு எடை.
பதினோரு வருஷமாய் அடுத்தவன் பாரத்தைத்தான்
அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மூட்டுவலிக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி போனேன்.
எண்பத்தொன்பது, என்றாள் நர்ஸ்,
ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோல.
'தின்கிறதை எல்லாம் எழுதுங்க.
தின்னும்போது மனசு எப்படி இருந்ததுன்னும் எழுதுங்க.'
மனசை எந்தக் கட்டத்தில் எழுத?

வீணான சீட்டுகளின் பின்பக்கம் எழுதினேன்.
3.40. மிக்சர், நாலு கை. முதலாளி போனில் கத்தினார்.
6.10. உளுந்த வடை ரெண்டு. லாரி வரவில்லை.
10.20. பரோட்டா மூணு, சால்னா. மனசு: ஒன்றுமில்லை.
மறுநாளும் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும்.
ஒரு வாரச் சீட்டை ரப்பர் பேண்டு கழற்றிப் பார்த்தால்
பசி என்று எழுதியது இரண்டே இடத்தில்.
ஒன்றுமில்லை என்பதும் ஒரு சரக்குதான் போல.
தார்ப்பாய் போட்டு மூடி வந்திருக்கிறது.

நடக்கலாம் என்று கிளம்பினேன்.
முதல் நாள் நயினார்குளத்தைத் தொட்டுவிட்டு
ஷேர் ஆட்டோவில் திரும்பினேன்.
இரண்டாம் நாள் மழை; சந்தோஷப்பட்டேன்.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ,
கரையில் பாதி தூரத்தில்,
கூழைக்கடா ஒன்று தண்ணீரிலிருந்து கிளம்பியது:
அத்தனை பெரிய உடம்பு,
தண்ணீரை மிதித்து மிதித்து ஓடி,
விழப்போகிறது என்று நினைத்த இடத்தில்
மேலே போய்விட்டது.
நின்று பார்த்ததில் எனக்கு மூச்சும் திரும்பிவிட்டது.

சொதியை விடவில்லை. சோற்றைக் குறைத்து
முருங்கைக்காயைக் கூட்டினேன்.
மூன்றே முக்காலுக்கு அவித்த பாசிப்பயறு.
முதலாளி கத்தினால்
எழுந்து மேடையைச் சுற்றி ஒரு நடை;
கத்தல் நீண்டால் இரண்டு.
அவர் திருச்செந்தூர் போன வாரம்
என் நடை குறைந்துவிட்டது.

ராத்திரி கடைசி லாரி இறங்கியதும்
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
நானே ஏறி நிற்பேன்.
இந்த மேடைக்குப்
பத்து கிலோவுக்குக் கீழே கண் கிடையாது.
தொண்ணூறு என்றது. ஐப்பசி முழுக்கத் தொண்ணூறு.
கார்த்திகையிலும் அதே.
எண்பத்தெட்டும் எண்பத்தாறும்
அதற்குத் தெரியாமல்தான் கடந்துபோயின.
எனக்குத் தெரிந்தது இவ்வளவே:
படியேறும்போது கைப்பிடியைத் தேடாத கை,
எதிர்க்கடையில் கொத்துச் சத்தம் கேட்டுக்கொண்டே
தூங்கிப்போன ஒரு ராத்திரி.

மார்கழியில் ஒரு நாள் சிவப்பாய் எரிந்தது: எண்பது.
ஒரே நாளில் பத்து கிலோ எவளுக்கும் இறங்காது.
இதன் பொய் எனக்குத் தெரியாதா.
ஆனாலும் வாழைத்தார் வண்டி உச்சிமாகாளியைக் கூப்பிட்டேன்.
'யக்கா, சீட்டுப் போடவா?'
'போடு.'
வண்டி எண்: இல்லை. சரக்கு: இல்லை.
பெயர் கேட்ட இடத்தில் பிரமாச்சி என்று அடித்தான்,
ஓர் எழுத்துப் பிழையோடு.

அந்த வாரமே சுத்தமல்லியில் மதினி மகள் கல்யாணம்.
அல்வா, கூட்டாஞ்சோறு, மறுபடி அல்வா.
திங்கட்கிழமை விடியலில் வந்து நின்றேன்.
தொண்ணூறு.
பேனாவைத் தேடி எடுத்துச் சீட்டின் பின்னால் எழுதினேன்:
அல்வா, ரெண்டு தடவை. மனசு: சிரிப்பு.
முதல் லாரிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.
செருப்பை மாட்டிக்கொண்டு
குளத்துப் பக்கம் நடந்தேன்.