இரண்டு வாரத்தில் எத்தனை நாள்

ரூஸ்தாவியில் லிஃப்டுக்கும் காசு போட வேண்டும்.
இருபது தெத்ரியை விழுங்கிய பிறகுதான்
கதவு மூட அதற்கு மனம் வரும்.
என் கோட்டுப் பையில் எப்போதும் சில்லறை குலுங்கும்.
கணக்கெடுப்புக்காரி வருகிறாள் என்று
நாய்களுக்குக்கூடத் தெரியும்.

எட்டாம் மாடி.
நெஸ்தான் அடுக்களையில் உட்கார்ந்தாள்.
எனக்கு வேண்டியது ஒரு எண் மட்டும்தான் என்று தெரிந்தும்
கேள்விக்கொரு கதை வைத்திருந்தாள்.

கூடப் படித்தவள் பத்தூமிக் கடற்கரையில் நிற்கிறாளாம்.
அவள் தோளில் விழுந்த வெயில்கூட
விலை கொடுத்து வாங்கியதுபோல் இருந்ததாம்.
போன மாதம் இவளும் ஒரு படம் போட்டாள்,
புதிதாக வெட்டிய முடியோடு.
நாற்பது நிமிடம். பதினோரு இதயம்.
ஒன்று அம்மாவுடையது,
ஒன்று பல் ஆஸ்பத்திரியுடையது.
எடுத்துவிட்டாள்.
"யாரும் திட்டவில்லை" என்றாள்.
"திட்டியிருந்தால் தேவலை."

அழுத நாட்கள்?
"பத்து. பதினொன்று என்றே எழுதுங்கள்,
இன்று இன்னும் முடியவில்லையே."

மொத்தம் பதினேழு.
பத்தைத் தாண்டினால் மஞ்சள் அட்டை தர வேண்டும்,
அதில் ஒரு தொலைபேசி எண்.
வாங்கிச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

மல்காஸ் பால்கனியில் நின்றபடியே பதில் சொன்னான்.
உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன்.
சோர்வு?
"வேலை செய்கிறவனுக்கு இல்லாமலா?"
அதற்குக் கட்டம் இல்லை. பூஜ்யம் போட்டேன்.
மனம் சோர்ந்து? பூஜ்யம்.
தூக்கம்?
"வரும்போது தூங்குவேன்."
படம் போடுவீர்களா?
"நான் என்ன பெண்பிள்ளையா? சும்மா பார்ப்பேன்."

சொல்லும்போதும் கட்டைவிரல் நிற்கவில்லை.
எந்த நாட்டிலோ எவனோ ஒருவன்
துருப்பிடித்த படகைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
அடுத்தவன் பனியில் துளை போட்டு மீன் பிடித்தான்.
அடுத்தவன் மகனைத் தோளில் தூக்கி வைத்திருந்தான்.
அதை மட்டும் சட்டென்று தள்ளிவிட்டான்,
கொதிக்கிற பாத்திரத்திலிருந்து
கையை எடுப்பதுபோல.

மொத்தம் இரண்டு.
இரண்டுக்கு அட்டை கிடையாது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது
பின்னால் செருப்புச் சத்தம்.
என்னிடம் இருக்கிறது என்று சொல்வதற்குள்
அவனே காசைப் போட்டான்.
கதவிடுக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு,
என்னைப் பார்க்காமல்
பெட்டியின் துவாரத்தைப் பார்த்துக் கேட்டான்:
"அந்த இரண்டாவது கேள்வி...
பகலுக்கு மட்டுமா, ராத்திரிக்கும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"ஓ" என்றான்.
காலை எடுத்துக்கொண்டான்.
காசு வாங்கிய கதவு
ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு கிழவர்
கோழியை உறையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.
கால்கள் வெளியே நீட்டியிருந்தன.
வானிலை பற்றி ஏதோ சொன்னார், தலையாட்டினேன்.

கீழே வந்து அண்ணாந்து பார்த்தேன்.
அடுக்களை ஜன்னலில் ஒரு நீல வெளிச்சம்,
பால்கனியில் ஒன்று.
ஒரே உயரம். நடுவில் ஒரு சுவர்தான்.

அடுத்த முகவரி எதிர்க் கட்டடம்,
ஆறரைக்குள் போயாக வேண்டும்.
பையில் ஐந்தோ ஆறோ மஞ்சள் அட்டைகள்,
இருபது தெத்ரி தாராளமாக இருந்தது.
பூஜ்யத்தைத் திருத்தலாமென்றால்
எங்களுக்குப் பென்சில் தருவதில்லை,
பேனாதான் தருகிறார்கள்.