இரண்டு தட்டினால் நிறுத்தியாச்சு

மில்லில் என் கைக்கு இரண்டு பாய்லர்.
ஒன்று முன்னால் போகும், மற்றது காத்திருக்கும்.
செம்பனைப் பழம் குறைந்த மாதம் ஒன்றே போதும்.
லோரிகள் கேட்டைத் தாண்டி வரிசை கட்டும் மாதம்
முதலாவதுக்கு மூச்சு வாங்கும் முன்பே
இரண்டாவதை எழுப்பிவிட வேண்டும்.
'அழுத்தம் சமமாகும் வரை நடுவால்வைத் தொடாதே'
சிவப்பு மையில் எழுதி ஒட்டினார் என்சிக் ரோஸ்லி.
ஒட்டிய நாளிலிருந்து யாரும் அதைப் படித்ததில்லை.
கை படித்திருக்கிறது.

பீடோரில், தாமான் வீட்டிலும் இரண்டு.
குளிக்கிற ஹீட்டர்கள், தவணையில் எடுத்தவை.
தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபோது
அப்பா பேருக்குக் கிடைத்த வீடு.
அவர் போனதும் கிராண்டில் இனி யார் பேர் என்று
அண்ணனும் நானும் கேட்டுக்கொண்டோம்.
கடைசியாகக் கேட்டுக்கொண்டது அதுதான்.
ஹாலுக்குக் குறுக்கே பலகை அடித்தான் தனசீலன்.
முன்வாசல் அவனுக்கு, பின்வாசல் எனக்கு.
மீட்டரை மட்டும் அறுக்க முடியவில்லை.

இரண்டு ஹீட்டரும் ஒன்றாக எரிந்தால்
படக்கென்று வீடே இருண்டுவிடும்.
முதல் வாரம் பலகைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன்,
கண்ணில் சோப்போடு இருட்டில் நின்றோம்.
திட்டக்கூட இல்லை. பேச்சு இருந்தால்தானே திட்டுவதற்கு.
வயர்மேன் ஆ கியோங் அண்ணாந்து பார்த்துவிட்டு,
"புதுக் கம்பி இழுக்க அறுநூறு வெள்ளி,
இல்லாட்டி ஒருத்தன் குளிச்ச பிறகு ஒருத்தன் குளி" என்றான்.
அறுநூறில் பாதி முந்நூறு.
அதைச் சொல்ல யாராவது வாயைத் திறக்க வேண்டுமே.

தட்டுவது எப்படித் தொடங்கியதோ.
அண்ணிதான் முதலில், கரண்டிக் காம்பால் என்கிறாள் வசுந்தரி.
ஒரு தட்டு, போடுகிறோம்.
இரண்டு தட்டு, நிறுத்தியாச்சு.
மூன்றுக்கு நாங்கள் பொருள் வைக்கவில்லை.

ஐந்தரைக்கு அண்ணன், அவனுக்குப் பள்ளிக்கூட வேன்.
ஆறுக்கு வசுந்தரி, கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு முன்.
எட்டுக்கு நான், இரவு சிஃப்ட் முடிந்து
மயிர்க்காலெல்லாம் சாம்பலோடு.
மில்லில் இந்தக் கணக்கைப் பார்க்க ஒரு பெட்டி இருக்கிறது,
பச்சை விளக்கு எரியும்.
இங்கே கரண்டி.

டிசம்பர் மழை. எனக்கு ஓய்வு நாள்.
அண்ணி மகளைப் பார்க்க கிள்ளான் போயிருந்தாள்.
ஐந்தரைக்கு ஒரு தட்டு வந்தது.
ஆறாகியும் இரண்டு வரவில்லை.
துண்டைத் தோளில் போட்டபடி நின்றாள் வசுந்தரி.
"மறந்திருப்பாரு, போட்டுடவா?"
பலகையில் காதை வைத்தேன்.
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
அடுப்பு எரிகிறது, கண்ணாடியைப் பார்க்க ஆளில்லை என்றால்
என் தொழிலில் அதற்கு ஒரே ஒரு பேர்தான்.

மூன்று தட்டினேன்.

பிறகு பின்வாசல் வழியாக ஓடினேன்.
பலகைக்கு அந்தப் பக்கம் போக
பதினோரு வீடு சுற்ற வேண்டும்.
ஓடும்போது எண்ணினேன், ஏன் எண்ணினேனோ.
யாருடைய நாயோ பாதித் தூரம் கூடவே வந்தது.

முன்கதவு சாத்தியிருந்தது, தாழில்லை.
குளியலறைத் தரையில் கால் மடங்கி உட்கார்ந்திருந்தான்,
தலைமேல் வெந்நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.
தோளெல்லாம் சிவந்து
சந்தையில் கழுவி வைத்த நண்டு மாதிரி.
என்னைப் பார்த்தான்.
பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை:

"கரண்டி எட்டலடா."

ஹீட்டரை நிறுத்தினேன். துண்டைப் போர்த்தினேன்.
கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.
அவனைத் தூக்குவதற்கு முன்
கை தானாகவே போய்
ஆணியில் தொங்கிய கரண்டியை எடுத்து
பலகையில் இரண்டு தட்டியது.

அந்தப் பக்கம் வசுந்தரி ஹீட்டரைப் போட்டாள்.
பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.